வரப்பின் மேல் நடந்த செய்முறைத் தேர்வு

1. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்

தேர்வாளர் வருகிற நாளன்று காலையில் நான் பால்வாடிக்குள் நுழைந்தபோது, உள்ளே என் பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறவர்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்தில் பவுடர் அப்பி, தம்பி தங்கைகளின் சட்டைக்குள் அவர்களைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். சிலருக்குச் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்று ஒரே ராகத்தில் இழுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை எதுவும் அப்படிச் சொல்லாது.

வாசற்படியில் பாக்கியம் பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எங்கள் பால்வாடியின் ஆயா. கஞ்சி காய்ச்சுவது, பால் பவுடர் கரைப்பது, காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவது எல்லாம் அவள் பொறுப்பு. என் வயதுதான். என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள், எனக்கும் அதுவே பிடித்திருந்தது.

"இன்னா பாக்கியம் இது? நம்ப புள்ளைங்க எங்க?"

"நீ கம்முனு இரு டீச்சரு. அதுங்க வந்தா ஒண்ணு அயுவும், ஒண்ணு ஒண்ணுக்குப் போவும். உனக்குப் பரீட்சை. நல்லா படிக்கிற புள்ளைங்களா பாத்து உக்கார வெச்சிருக்கோம். வாய்ப்பாடு கேட்டாகூட சொல்லும்."

முந்தின நாள் சாயங்காலமே ஊர் அம்மாக்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். டீச்சர் தேற வேண்டுமென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் காட்ட வேண்டும். அதனால் பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இங்கே அனுப்பிவிட்டு, சின்னவர்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போய்விட்டார்கள். வயசு கேட்டால் மூணு என்று சொல்லச் சொல்லிப் பாடமும் ஆகியிருந்தது.

2. பட்டம் எதற்கு

இது எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கொம்யூனில் ஒரு நெல் கிராமத்தில் நடந்தது. அதற்கு முன் பல வருடங்களாக நான் டிப்ளமாவை வைத்துக்கொண்டு பால்வாடி நடத்தி வந்தேன். சொந்த ஊர் வில்லியனூர்ப் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாலர் ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே களிமண் பிசைவதிலிருந்து கதை சொல்வது, பாட்டுக் கட்டுவது, நகம் வெட்டிவிடுவது வரை கற்றுக் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல பயிற்சி. ஆனால் ஒரு பிள்ளை ஏன் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை, இன்னொன்று ஏன் பக்கத்தில் இருப்பவரையெல்லாம் கடிக்கிறது என்று கேட்டால் டிப்ளமாவில் பதில் கிடையாது. எனக்கு அந்த 'ஏன்' வேண்டியிருந்தது.

வேறொரு காரணமும் உண்டு. மேற்பார்வையாளர் பதவிக்குக் குழந்தைக் கல்வியில் பட்டம் கட்டாயம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். வயது வரம்பும் வைத்திருந்தார்கள். தபால் வழியில் சேர்ந்து, எழுத்துத் தாள்களையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். மீதி இருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். வெளியூர்த் தேர்வாளர் வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். அதில் தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும்.

படித்த கதையைச் சொன்னால் நீளும். புத்தகமெல்லாம் ஆங்கிலம். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தள்ளுவேன். கோடை விடுமுறையில் நேர்முக வகுப்புக்கு மெட்ராஸ் போவேன். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் டவுன் நர்சரிப் பள்ளி ஆசிரியைகள். குட்டி நாற்காலி, ஊஞ்சல், வண்ணத்தாள் என்று பேசிக்கொள்வார்கள். என் பால்வாடியில் நாற்காலி என்று இருந்தது நான் உட்காருகிற ஒன்றுதான், அதற்கும் ஒரு கால் ஆடும். கொம்யூன் ஆபீஸ் குமாஸ்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம், சின்னப் பிள்ளைக்கு மூக்கு சிந்திவிட பி.ஏ. எதற்கு என்று கேட்பார். எங்கள் ஊரில் எந்தப் பட்டமானாலும் பி.ஏ.தான். மூக்கு சிந்திவிடக்கூட ஒரு முறை இருக்கிறது முசே என்பேன், எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'ஐயா' அது. அவரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஊர்ப் பெண்கள் அப்படிக் கேட்டதில்லை. "நம்ப டீச்சரு இன்னும் படிக்குது" என்று வெளியூர் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்கள், தங்கள் வீட்டுப் பெண்ணைச் சொல்வது போல. அந்தப் பிரியம்தான் அன்றைக்குப் பெரிய பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்தது.

3. பல்

சின்னப் பிள்ளைகளுக்குத்தானே இந்தப் பட்டம், அவர்கள் இல்லாமல் எப்படி என்று நான் உடனே நினைத்ததாக எழுத ஆசைதான். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது பல். முன் வரிசையில் இருந்த தேவராசு சிரித்தான். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் எந்தப் பிள்ளைக்குப் பால் பல் விழும்? வருகிறவர் குழந்தைக் கல்வியில் தேர்வாளர்.

பாக்கியத்திடம் பல்லைக் காட்டினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "தே, தேவராசு, அந்தம்மா இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். வாயைத் திறக்காமல் எப்படி வாய்ப்பாடு சொல்லுவான் என்று கேட்டேன்.

ஓடிப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னேன். நடவு ஏரிக்கரையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. பாக்கியம் முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கவும், கன்னியக்கோயிலில் பஸ்ஸை விட்டிறங்கி வாடகை மாட்டு வண்டியில் வந்த தேர்வாளர் வாசலில் இறங்கவும் சரியாக இருந்தது. மூக்குக் கண்ணாடி, குடை, தோளில் ஒரு துணிப்பை. உள்ளே எட்டிப் பார்த்தவர், வணக்கத்தைக் கேட்டார், சட்டைகளைப் பார்த்தார்.

நான் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இவர்கள் என் பிள்ளைகள் இல்லை, ஊரார் நல்லது செய்வதாக நினைத்துச் செய்துவிட்டார்கள், என் பிள்ளைகள் நடவு வயலில் இருக்கிறார்கள், ஆள் அனுப்பியிருக்கிறேன், கொஞ்ச நேரம் வேண்டும் என்றேன். மத்தியானம் கடலூரில் இன்னொருவருக்குத் தேர்வு இருக்கிறது, காத்திருக்க முடியாது என்றார். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவர் குடையைக் கையில் எடுத்தார்.

"பிள்ளைகள் எங்க இருக்காங்களோ அங்க போய் நடத்துங்க. நான் பார்க்கறேன்."

4. வயலோரம்

என் பாடம் மிதப்பதும் மூழ்குவதும். சோறு கொட்டி வைக்கிற அகலமான அலுமினிய அன்னக்கூடை ஒன்றில் தண்ணீர், கொட்டாங்கச்சி, கூழாங்கல், ஆணி, இலை, புளியங்கொட்டை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் அன்னக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நான் முன்னால், தேர்வாளர் குடையோடு பின்னால், அவருக்குப் பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் வகுப்பு முழுவதும். பாதி வழியில், அம்மாக்களை விட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று வெறுங்கையோடு எதிரே வந்த பாக்கியமும் எங்களோடு திரும்பிவிட்டாள். பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்குப் போகச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

பம்ப் செட் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் நிழலில், அகலமான வரப்பின் மேல் என் பிள்ளைகள் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் மொண்டு பாடத்தைத் தொடங்கினேன். தொடங்கியதோடு சரி.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். பால்வாடிக்குள் சமர்த்தாக இருக்கிற பிள்ளை, அம்மா கண்ணில் பட்டுவிட்டால் வேறு பிள்ளை. அம்மாக்களோ எங்கள் முன்னால்தான் வரிசையாக நின்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்து போவார்கள். இந்த வரப்பில் தொடங்கியதால் முகம் எங்கள் பக்கம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு அடியாக எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தைக் காட்டிக்கொண்டே தூரமாகப் போனால் பிள்ளை என்ன செய்யும்? முதலில் ஒன்று அழுதது. பிறகு அதைப் பார்த்து இன்னொன்று. அஞ்சலை என்கிற பெண் அன்னக்கூடையைத் தாண்டி வயலில் இறங்கவே பார்த்தாள்.

அழாத பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. நான் கல்லைக் கையில் கொடுத்து, இது என்ன ஆகும் என்று கேட்பதற்குள் முழங்கால் சேற்றிலிருந்து குரல் வந்துவிடும்.

"முயுவும்னு சொல்லுடி."

"ஏண்டா முயிக்கிற, கல்லு மெதக்குமா?"

"டீச்சரு, எம் பையனக் கேளு, அவன் சொல்லுவான். தே, சொல்லித் தொலடா, டீச்சருக்கு மார்க்கு போயிடும்."

தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். நல்லதாக எழுத அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டம் கண்ணெதிரே வாய்க்கால் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. பாடத்தை நிறுத்தினேன். வரப்போரம் போய்ச் செங்கேணியைக் கூப்பிட்டேன். நடவுக்கு ஆள் சேர்த்து வருவது அவள்தான். அவள் சொன்னால் வரிசை நகரும், அவள் நின்றால் நிற்கும்.

"செங்கேணி, எனக்கு ஒரு ஒதவி. அந்த வரப்புலேருந்து ஆரம்பிச்சி இந்தப் பக்கம் வாங்க."

"இன்னா டீச்சரு, பாதி நட்டாச்சி."

"மீதிய அங்கேருந்து நடுங்க. முதுக இந்தப் பக்கம் காட்டிக்கினு வரணும். யாரும் திரும்பக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது."

நடுவில் வரிசையை மாற்றுவது சின்ன வேலை இல்லை. நாற்றுமுடிகளை எல்லாம் மறுபடி அந்தப் பக்கம் கொண்டு போய் வீச வேண்டும். நிலத்துக்காரரின் ஆள் கொட்டகையிலிருந்து வந்து, பொழுது போகிறது என்று சத்தம் போட்டார். செங்கேணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"உன் வயலு எங்கயும் ஓடிப் போவாது. டீச்சரு பரீட்சை போயிடும். நீயும் ரெண்டு முடி தூக்கிப் போடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போட்டார். பெண்கள் சுற்றிக்கொண்டு எதிர் வரப்புக்குப் போனார்கள். போகும்போது சில பிள்ளைகள் இன்னும் அதிகமாக அழுதார்கள். நான் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேன். அங்கே குனிந்து நடவைத் தொடங்கினார்கள். இப்போது முதுகுகள்தான் தெரிந்தன. ஆனால் அந்த முதுகுகள் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அம்மா வருகிறாள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடிக்க முகம் இல்லை. சொல்லிக் கொடுக்கவும் வாய் இல்லை.

அழுகை ஓய்ந்தது. அஞ்சலை ஒரு தடவை வயலைப் பார்த்தாள், பிறகு அன்னக்கூடையைப் பார்த்தாள். தானாகவே கொட்டாங்கச்சியை எடுத்துப் போட்டாள். மிதந்தது. அமுக்கினாள். எழும்பி வந்தது. மறுபடி அமுக்கினாள். மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கல், ஆணி, இலை எல்லாம் உள்ளே போயின. நான் கேள்வியே கேட்கவில்லை, கேட்கத் தேவை இருக்கவில்லை. அஞ்சலை வரப்பிலிருந்து ஒரு சேற்று உருண்டையைப் பிய்த்துப் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், அது பூடுச்சி."

"எங்க போச்சி?"

"தண்ணியாப் பூடுச்சி."

மிதப்பது, மூழ்குவது என்று நான் இரண்டுதான் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, வரப்பிலேயே குந்தினார். அவரும் ஓர் உருண்டையைப் பிய்த்து அஞ்சலையிடம் நீட்டினார். அது கரைந்து முடிகிற வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் முதுகு முன்பே நட்டிருந்த பாதியை வந்து தொட்டபோது பாடம் முடிந்திருந்தது.

5. மார்க்

வண்டி ஏறுமுன் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நடவை ஏன் திருப்பினீர்கள் என்றார். பிள்ளைக்கு அம்மா கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், அம்மாவின் கண்ணிலிருந்து கொஞ்சம் தப்பிக்கவும் வேண்டும், அதற்காக என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இது உங்க பாடத் திட்டத்துல இல்லையே. திட்டத்துக்கு மார்க்கைக் குறைச்சுத்தான் ஆகணும். வகுப்பு நடத்தறதுக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கு, அதுல பார்க்கறேன்."

சொன்னபடியே செய்தார். முடிவு வந்தபோது திட்டமிடலில் தேறியும் தேறாமலும் ஒரு மார்க், வகுப்பு நடத்துவதில் நான் எதிர்பார்க்காத மார்க். பட்டம் கிடைத்தது. செய்தி சொல்லப் போனபோது பெண்கள் அறுப்பில் இருந்தார்கள். தாங்கள் திரும்பி நட்டதற்கு எத்தனை மார்க் என்று செங்கேணி கேட்டாள். அதற்குத்தான் அதிகம் என்றேன். அவள் பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள்.

"கேட்டுக்கினியாடி? நாம பி.ஏ. பாஸு."

மேற்பார்வையாளர் ஆன பிறகு நெட்டப்பாக்கம் வரைக்கும் பல பால்வாடிகளுக்குப் போனேன். ஒரு கிராமத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை, அம்மாக்கள் வந்து வந்து எட்டிப் பார்ப்பதால் பிள்ளைகள் அழுகிறார்கள், யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். நான் போடவில்லை. அம்மாக்களைப் பால்வாடி வாசல் தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் துலக்கச் சொல், வரட்டும், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரட்டும் என்றேன்.