புல் மெஷினுக்கு ஒரு முந்தானை

அண்ணன் மகளின் கல்யாணப் பந்தியை, எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் காலிமனையில் போடலாம் என்று முடிவானபோது, அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். ஜேசிபி கூப்பிட்டால் அரை நாளில் முடிந்துவிடும் என்றார் அண்ணன். "நம்ம வீட்டு வேலைக்கு இன்னாத்துக்குண்ணா ஜேசிபி? நான் பாத்துக்கறேன்" என்றேன். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன காரியங்களின் கதி குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரவர் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏனாத்தூர் பக்கம் தோப்பை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் பழைய புல்வெட்டும் மெஷின் ஒன்று கிடைத்தது. பங்களா வாசலில் புல்லைச் சீவிவிடுகிற சின்ன மெஷின் இல்லை. இடுப்பளவு கோரை, பார்த்தீனியம், முள்செடி எல்லாவற்றையும் அடித்துத் துவைத்துக்கொண்டு போகிற முரட்டு மெஷின். பின்னால் நின்று தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். வெட்டின புல் பக்கவாட்டில் இருக்கும் வாய் வழியாக வெளியே வரும். அந்த வாய்க்கு ஒரு ரப்பர் மறைப்பு இருந்திருக்கிறது. என் கைக்கு வந்தபோது அது இல்லை. இல்லாவிட்டால் என்ன, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவனின் மெக்கானிக் அறிவு அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்து நாலு எட்டு வைப்பதற்குள் மெஷின் புல்லோடு ஒரு கல்லையும் துப்பியது. அண்ணன் வீட்டில் தறி போட்டிருக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கல் உள்ளே போனது. மெஷினை அணைத்துவிட்டு ஓடினேன்.

தறியில் இருந்தது கடைக்குப் போகிற சேலை இல்லை, முகூர்த்தச் சேலை. ஊரார் பெண்களுக்கெல்லாம் நெய்து கொடுத்த அண்ணன், தன் மகளுக்கென்று பாவு பூட்டியிருந்தார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டிழைகள்தான் பாவு. கூரான கல் ஒன்று வேகமாக வந்து விழுந்தால் கொத்தாக அறுந்துவிடும். ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டு இணைக்கலாம்தான். ஆனால் மகளின் முகூர்த்தச் சேலையில் முடிச்சு விழுந்தால், அண்ணியின் கண் ஆயுசுக்கும் அதையேதான் தேடும்.

கல் பாவுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் கிடந்தது. அண்ணி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, உன் கல்லு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறைப்பு போடாமல் இனி மெஷினைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். காயலான் கடையில், லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற தடித்த ரப்பர் ஒன்று கிடைத்தது. பிளேடில் சோப்புத் தண்ணீர் தடவினால்தான் ரப்பர் வெட்டுக் கொடுக்கும் என்பது, இரண்டு பிளேடும் ஒரு விரல் நுனியும் போன பிறகு தெரிந்தது.

அடுத்து நான் செய்த தப்பு, நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் வீட்டில் தொய்வு என்பது கெட்ட வார்த்தை. பாவு தொய்ந்தால் நெய்ய முடியாது. அந்தப் பழக்கம் தறியோடு நிற்கவில்லை. கொடிக்கயிறு, கட்டில் நாடா என்று கண்ணில் படுகிறதை எல்லாம் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்போம். நான் தறியில் உட்கார்ந்து ஒரு முழம் ஒழுங்காக நெய்தவன் இல்லை. நெசவு வரவில்லை, விறைப்பு மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே மேலே ஒரு இரும்புப் பட்டை, கீழே ஒரு இரும்புப் பட்டை வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு, ரப்பரை இம்மியும் அசையாதபடி முறுக்கினேன். விரலால் சுண்டினால் டம் என்றது. பெருமை தாங்காமல் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒரு தடவை சுண்டிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்பா இருக்குது. மேளக்காரங்களை வேணாம்னு சொல்லிடலாமா?"

அண்ணிக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு எட்டாத கோடிக்கு மெஷினைத் தள்ளிப் போய் ஓட்டினேன். உள்ளே சிக்கிய கல் விறைத்த ரப்பரில் பட்டு, போன வேகத்திலேயே திரும்பி, கத்தியிடம் மறுபடி அடி வாங்கி, அடிச்சந்து வழியாக வந்து என் முழங்காலுக்குக் கீழே சேர்ந்தது. வெட்டின புல்லும் போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டு, இன்ஜின் இருமி நின்றது. வந்த ஆத்திரத்தில் நல்ல காலால் மெஷினை உதைத்தேன். அதற்குப் பிறகு நல்ல கால் என்று எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் நொண்டிக்கொண்டே தள்ளியபோது, புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கட்டையில் இடித்துக் கீழ்ப்பட்டை பிய்ந்து விழுந்துவிட்டது. இன்ஜின் சத்தத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான், அடைப்பில்லாமல் புல் வெளியேறுகிறதே என்று குனிந்து பார்த்தேன். ரப்பர் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கல் வந்து படும்போது பின்னால் அசைந்து அடியை வாங்கிக்கொண்டது. கல் தொப்பென்று அதன் காலடியிலேயே விழுந்தது. லாரியிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். காயலான் கடைவரை போய் அதைத் தூக்கி வந்தவனுக்கு இது உறைக்க, ஒரு கட்டை குறுக்கே வரவேண்டியிருந்தது.

அப்புறம்தான் உருப்படியாகச் செய்தேன். மேல்பட்டையில் மட்டும் பிடிப்பு. தரையைத் தொடும் நீளம். அடிப்பாதியைப் பட்டை பட்டையாகக் கீறிவிட்டு, கீறல் வழியாகக் கல் நழுவாமல் இருக்கப் பின்னால் இன்னொரு அடுக்கு ரப்பர்.

"மெஷினுக்கு முந்தானை போட்டுட்டியா?" என்றார் அண்ணி. "புடவைக்கு நடுவுலயே பொறந்து வளந்துகினு, முந்தானைன்னா தொங்கணும்னு தெரிய இத்தினி நாளு ஆச்சா உனக்கு?"

ஜன்னலை ஒட்டிய பகுதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உடைந்த கண்ணாடி இன்னும் மாற்றப்படவில்லை. அன்று அண்ணன் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். தறி சும்மா இருந்தது. "ஒரு கல்லு வராது அண்ணி. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றேன். "சரிப்பா" என்று உடனே சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் இந்த வீட்டிலும் என்னை நம்ப ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஜன்னலுக்கு முன்னால் முக்கால்வாசி வெட்டி முடித்தேன். ஒரு பொடிக்கல் கூடப் பறக்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு வந்து மிச்சத்தை முடிக்கலாம் என்று, தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன்.

அண்ணி தறிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் பாவைப் பார்த்து, முதுகு ஜன்னலைப் பார்த்து. கையில் ஒரு வேலையும் இல்லை.

"இன்னா அண்ணி, இங்க உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"சும்மாதாம்பா."

"பயமா இருந்தா ஒரு பலகைய வெச்சி ஜன்னல அடைச்சிருக்கலாமே."

"அடைச்சா, உன்னை நம்பலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவ."

"கல்லு வந்திருந்தா?"

"பாவுல பட்டா முடிச்சு போடணும். முதுகுல பட்டா பத்து போட்டுக்கலாம்" என்றார், வெகு சாதாரணமாக.

இவ்வளவு நேரம் நான் சீட்டியடித்துக்கொண்டு மெஷின் தள்ளியது அந்த முதுகுக்கு நேராகத்தான். தண்ணீர் கேட்காமலே திரும்பினேன். வெளியே வந்து மெஷினை எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளி நிறுத்தினேன். கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு, ஜன்னலடியில் குத்துக்காலிட்டு, மிச்சமிருந்த புல்லைக் கையால் அறுக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தபோதும் அறுத்துக்கொண்டுதான் இருந்தேன். கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"இன்னாடா, மெஷினுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"பெட்ரோல் தீந்துபோச்சுண்ணா" என்றேன்.