ஒரே ஆள் ஓட்டும் இஞ்சின்

குளுவாங் ஸ்டேஷனுக்கு முதல் டீசல் இஞ்சின் வந்தபோது எனக்கு ஏழு வயது. சரக்குப் பெட்டிகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் மட்டுமே வந்த குட்டி இஞ்சின் அது. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த நீராவி இஞ்சினில் அப்பா பயர்மேன். டிரைவர் மாமா வந்து ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே போய் நெருப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைப்பது அவர் பொறுப்பு. வேலை முடிந்து வரும்போது பல்லும் கண்ணும் மட்டும்தான் வெளுப்பாகத் தெரியும்.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவோடு பத்து வருஷம் ஒரே இஞ்சினில் நின்றவர். டீசலைப் பார்க்க ரயில்வே குவார்ட்டர்ஸே திரண்டிருந்த அன்று, அவர்தான் என்னைத் தூக்கி உள்ளே நிறுத்தினார். ஒரு பொத்தானை அழுத்தினார். காலடியில் தரை அதிர்ந்தது. இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சுற்றிப் பார்த்தேன். அடுப்பைக் காணோம். ஒரே ஓர் இருக்கை இருந்தது.

"அப்பா எங்க நிப்பாங்க, மாமா?"

மாமா இஞ்சினை அணைத்தார்.

கீழே நின்ற அப்பா, "எறங்கி வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வழியெல்லாம் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தார். கூட்டத்தில் வாயாடியதற்குக் கோபம் என்று நினைத்து, இனிமேல் கேள்வி கேட்க மாட்டேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அப்பாவைத் தண்டவாளம் செப்பனிடும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்து, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் போனோம். அங்கிருந்து பள்ளிக்கூடம் கிட்டே. எங்கள் வீட்டில் அதற்கு மகிழ்ந்த ஒரே ஆள் நான்தான்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, அவரும் மற்ற ஆட்களும் தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் கல்லை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி வருகிறது என்று, வேலையை மேற்பார்த்த மண்டோர் கத்தியதும் எல்லோரும் ஒதுங்கினார்கள். நம் டீசல். மாமா ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினார். நான் குதித்துக் குதித்து ஆட்டினேன்.

"அப்பா, மாமா போறாங்க, பாருங்க."

அவர் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, கடைசிப் பெட்டி தாண்டும்வரை எதிரே இருந்த புதரையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிச் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.