மருத்துவச்சி பேசிய கேசட்

எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் தாண்டி, கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. எனக்கு காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. படிப்பு அஞ்சாவதோடு சரி. அதிகம் பேசவும் வராது, எழுதவும் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி மேல் ஒரு ஆவி வரும்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள், ஆற்றில் துணி துவைத்துவிட்டு வந்தவள் வாசலிலேயே விழுந்தாள். உடம்பை முறுக்கினாள். குரல் மாறிப்போனது. பயந்துபோய் உறையூரில் பேய் ஓட்டுகிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார், யார் நீ என்று அதட்டினார். உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது.

"நான் மருத்துவச்சி. பிரசவம் பாக்கப் பரிசல்ல போறப்ப வெள்ளத்துல போயிட்டேன். அது கிடக்கட்டும், உன் முழங்கால் ஏன்டா இப்படி வீங்கிக் கிடக்கு? நொச்சி இலையை வதக்கிக் கட்டு."

அவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் போனபோது நன்றாக நடந்து வந்தார். "இதை ஓட்ட வேணாம்யா. இது வைத்தியம் பாக்குற ஆவி. வெள்ளிக்கிழமை விளக்கேத்தி வச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஆட்கள் வருவார்கள். லால்குடியிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். பால் குடிக்காத குழந்தை, தூக்கம் வராத பெண்கள், கை கால் பிடிப்பு. மருத்துவச்சி வந்து பச்சிலை சொல்லுவாள், சிலரைத் திட்டுவாள். வெற்றிலை பாக்கு தவிர நாங்கள் எதுவும் வாங்கியதில்லை.

இதில் ஒரு விஷயம். ஆவி இறங்கியிருக்கும்போது என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. யார் வந்தார்கள், தான் என்ன பேசினோம், எதுவும் தெரியாது. கேள்வி கேட்கிற ஆள் நான்தான். திருநீறு பூசினால் தெளிந்துவிடுவாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன சொல்லுச்சு?" என்று கேட்பாள். நான் சொல்வதுதான் அவளுக்குத் தெரியும்.

ஒரு தடவை விளையாட்டாக, "நாளைக்கு விரால் மீன் குழம்பு வைக்கணுமாம்" என்று சொல்லிவிட்டேன். வைத்தாள். நான் மூன்றாவது தடவை சோறு கேட்டபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியோடு தெரு வரைக்கும் துரத்தினாள். அன்றைக்குச் சிரித்தோம். பின்னால் அதுதான் வினையாக வந்தது.

அந்த வருசம் அவளுக்கு உடம்பு கெட்டது. மாத விலக்கு நிற்காமல் போனது. அடிவயிற்றில் வலி. முகம் வெளுத்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். மாட்டேன் என்றாள்.

"கத்தி பட்ட உடம்புல அவ இறங்க மாட்டா. அப்புறம் வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது? வைத்தியக்காரியே ஆஸ்பத்திரிக்குப் போறாளேன்னு ஊரு சிரிக்கும்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு மருத்துவச்சியிடமே கேட்டேன். "இவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போடா" என்றாள். தெளிந்ததும் மனைவியிடம் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுவும் விரால் மீன் மாதிரிதானே?"

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. அடுத்த வாரமும் இதே கதை. ஊருக்கெல்லாம் கேட்கிற குரல், அந்த வாய்க்குச் சொந்தக்காரிக்கு மட்டும் கேட்காது. நான் என்ன செய்ய?

பக்கத்து வீட்டில் ஒரு பாய் அம்மா. அவர் மகன் சவுதியில் வேலை பார்த்தான். காகிதத்துக்குப் பதிலாக அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவான். பாய் அம்மா அதைப் போட்டுக் கேட்டு, மகன் எதிரில் இருப்பதுபோல் "ஆமாப்பா, சாப்பிட்டேன்ப்பா" என்று பதில் சொல்லுவார். தெருவே கேட்கும். அந்த ஆடியில் மகன் லீவில் வந்திருந்தான்; அவனையும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். கையில் புது டேப் ரெக்கார்டர். காலையில் பல் விளக்கிக்கொண்டே, அதில் பழைய கேசட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று தோன்றியது. வாய் கொப்பளிக்காமலே ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் தாடையைத் தடவினான். "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாதுண்ணே. ஆனா பேய் பேசுனா டேப்புல விழுமான்னு பாக்க ஆசையா இருக்கு. நான் வரேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. மார்க்கெட்டில் ஒரு மூட்டையைத் தவறவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். சாயங்காலம் ஆட்கள் வந்து போனார்கள். மருத்துவச்சி இன்னும் இறங்கியபடியே இருந்தாள். பின்பக்கமிருந்து பாய் மெல்ல வந்து தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பை மடியில் வைத்தான். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினான். டொக்கென்று சத்தம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

போச்சு என்று நினைத்தேன். "பேட்டரி இருக்குண்ணே" என்று கிசுகிசுத்தான் அவன். அகல் விளக்கு மட்டும் எரிகிறது. டேப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மருத்துவச்சி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"அது என்னடா செவப்பா முழிக்குது?"

அவள் எழுந்தாள். "என்னைப் பொட்டியில அடைக்கப் பாக்குறியா?" என்றாள். பேய் ஓட்டுகிறவர்கள் ஆவியைக் குடத்திலும் பெட்டியிலும் அடைப்பார்கள். அதைத்தான் நினைத்துவிட்டாள். வெளுத்துப்போன உடம்பு, ஆனால் நின்ற நிற்பில் கூரை இடிக்கும்போல இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு என்னமோ ஓத ஆரம்பித்துவிட்டான். ஆனால் டேப்பை விடவில்லை.

நான் தரையில் விழுந்தேன். "அடைக்க இல்ல தாயி. நீ சொல்றதை அவ நம்ப மாட்டேங்குறா. உன் வாயால அவளுக்கே கேக்கட்டும்னுதான்."

பிறகு மருத்துவச்சி சிரித்தாள். டேப்புக்கு எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயைக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னாள்.

"ஏய் பொண்ணே. வயித்துல கட்டி இருக்கு. பச்சிலைக்கு அடங்காது. போயி கத்தி வச்சுக்க. நான் இறங்குறேனா இல்லையாங்கிறது என் கவலை, உன் கவலை இல்ல."

அதற்கப்புறம் நான் என்னவோ பேசினேன். என்ன பேசினேன் என்று அப்போதே எனக்கு நினைவில்லை. திருநீறு பூசினேன். தெளிந்தாள். பாய் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

மறுநாள் காலை அவனே கொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவிக்குக் கோபம். இருந்தாலும் உட்கார்ந்தாள். அவன் டேப்பைப் பின்னால் சுற்றினான். கீச்கீச்சென்று ஓடியது. விழுந்திருக்குமா, காலியாக இருக்குமா. மூட்டை தூக்கும்போதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

விழுந்திருந்தது. முதலில் எங்கள் தெரு நாய் குரைத்தது. பிறகு மருத்துவச்சி.

என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். தன் வாயிலிருந்து வந்த குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள். முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"எந்தக் கிழவியைப் பிடிச்சுப் பேச வச்சீங்க?"

"அண்ணி, எங்கம்மா மேல சத்தியமா" என்று பாய் ஆரம்பித்தான். அவள் கேட்கவில்லை, எழுந்துவிட்டாள். அவன் நிறுத்தப் போனான். அதற்குள் டேப்பில் வேறு குரல் வந்தது. ஆம்பிளைக் குரல். உடைந்துபோன குரல்.

"தாயி, நீ ஊருக்கெல்லாம் பாக்குறே. இவளைப் பாக்க மாட்டியா. வேலை முடிஞ்சு வர்றப்ப தெருமுனையில திரும்புனதும் நம்ம வீட்டுல வெளக்கு தெரியுதான்னுதான் பாப்பேன். தெரிஞ்சா முதுகுல வலியே இருக்காது. இவ போயிட்டா நான் எந்த வீட்டுக்குத் தாயி வருவேன். இதையெல்லாம் அவகிட்டச் சொல்ல எனக்கு வராது."

அப்புறம் அழுகை. அப்புறம் டொக்.

என் மனைவி நின்ற இடத்தில் நின்றாள். "இது யாரு?" என்றாள்.

"அண்ணன்தான் அண்ணி" என்றான் பாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதை மட்டும் திருப்பிப் போடுங்க தம்பி."

போட்டான். கேட்டாள். உள்ளே போய் முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க. வெயில் ஏறிட்டா பஸ்ல நிக்க முடியாது" என்றாள்.

"மருத்துவச்சி சொன்னதை நம்பிட்டியா?"

"அவ சொன்னது இருக்கட்டும்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உடம்பில் ரத்தமே இருந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

மருத்துவச்சி மறுபடி வருவாளா என்று ஊரே காத்திருந்தது. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். கத்தி பட்ட உடம்பு என்று அவள் பார்க்கவில்லை. வந்ததும் என்னிடம் கேட்டது, அந்தச் சிவப்புக் கண் எங்கே என்றுதான்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. தெளிந்து, தண்ணீர் குடித்ததும் என் மனைவி முன்பு மாதிரிக் கேட்பதில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?" என்றுதான் கேட்பாள்.

அது ஆவியா, அவள் மனசா, எனக்குத் தெரியாது. கேசட்டும் எப்போதோ சிக்கி அறுந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, தெருமுனையில் விளக்கைப் பார்த்தேன் என்பதை வீட்டுக்குள் வந்ததும் அவளிடமே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.