இங்வாரின் இரண்டு ஹ்லீன்கள்

இங்வாருக்கு ஹ்லீன்கள் இரண்டு. ஒன்று மகள், மற்றொன்று மீன்பிடிப் படகு. மகளுக்குப் பத்து வயதானபோது கடைசியில் சொந்தமாகப் படகு வாங்கியவர், அதற்கு வேறு பெயர் யோசிக்கவே இல்லை. எங்கள் பழங்கதைகளில் ஃபிரிக் தேவி யாரை ஆபத்திலிருந்து மீட்க நினைக்கிறாளோ, அவரைக் காக்க அவள் அனுப்புகிறவள் ஹ்லீன். பழைய ஏடுகளில் அவளைப் பற்றி இருப்பது ஓரிரு வரிதான். பாட்டுக் கட்டுகிறவர்கள் ‘பெண்’ என்று சொல்ல ஓசை இடிக்கும் இடத்தில் அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இங்வாருக்கு அந்த ஓரிரு வரியே போதுமாக இருந்தது.

மீன் பதனிடும் கூடத்தில் ஹ்லீனும் நானும் ஒரே மேசை. ஆண்கள் அவளைச் சீண்டாத நாள் இல்லை.

“ஏ காவல் தெய்வமே, என் கத்தி மழுங்கிப் போச்சு, காப்பாத்தேன்!”

“கத்திய விடு. மொதல்ல உன் வாய யாராச்சும் காப்பாத்தணும்” என்பாள் காட் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்களுக்கு இருபத்திரண்டு வயதாயிருந்த பிப்ரவரியில் வடக்கிலிருந்து புயல் வந்தது. இங்வாரும் மகன் எகிலும் இன்னும் இரண்டு பேரும் கடலில் இருந்தார்கள். அன்று கூடத்தில் வேலை இல்லை. மதியம் நான் அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். எகிலின் மனைவி ஸ்வாவா, ஐந்து மாத வயிற்றோடு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் ரேடியோ படகுகளின் அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். படகுக்காரர்கள் பேசுவதை நாங்கள் கேட்கலாம். நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

திடீரென்று இங்வாரின் குரல்.

“கம்பம், கயிறு எல்லாத்துலயும் பனி கட்டுது. கோடாலியால வெட்டிட்டே இருக்கோம். வெட்ட வெட்ட ஏறுது. எகிலுக்குக் கை மரத்துப் போச்சு. படகு சாயுது.”

பிறகு இரைச்சல் மட்டும். அதன்பின் கரை நிலையத்துக்காரரின் குரல்.

“ஹ்லீன், ஹ்லீன், கேக்குதா?”

ஹ்லீன் எழுந்துபோய் ரேடியோப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள்.

“கேக்குது” என்றாள்.

“ஹ்லீன், பதில் சொல்லு. ஹ்லீன், எங்க இருக்கே?”

“இங்கதான் இருக்கேன்.” என் பக்கம் திரும்பினாள். “நான் என்னடி பண்ணட்டும்? சொல்லேன், என்ன பண்ணட்டும்?”

நான் காபி ஊற்றினேன். யாரும் குடிக்கவில்லை. அந்தக் குரல் மூன்று மணிவரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

உடல்கள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கடையில் யாராவது, “ஹ்லீன் மூழ்கினப்போ...” என்று ஆரம்பித்து, அவள் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கூடத்தில் சீண்டலும் நின்றுபோயிற்று. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டம்.

ஜூனில் ஸ்வாவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு முந்திய வாரம் எகில் அவள் கனவில் வந்திருக்கிறான். நனைந்த உடுப்போடு வாசலில் நின்று, “ஹ்லீனுக்கு இடம் கொடு” என்றானாம். குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள் ஸ்வாவா.

“வேணாம் அண்ணி” என்று கெஞ்சினாள் ஹ்லீன். “நாலு பேரைக் காப்பாத்தாத பேரு அது. அந்தப் புள்ளைக்கு எதுக்கு?”

“செத்தவங்க வந்து பேரு கேட்டா மறுக்கக் கூடாதுடி. உனக்குத் தெரியாததா?”

“அண்ணன் என்னைத்தான் சொல்லியிருப்பான். என்னை உன்கூட வெச்சுக்கச் சொல்லியிருப்பான்.”

“உன்னை வெச்சுக்கன்னு அவன் எதுக்குடி சொல்லணும்? நீ இந்த வீட்டுலதானே இருக்கே?”

ஞானஸ்நானத்தன்று குழந்தையை ஏந்தி நிற்க ஸ்வாவா இவளையே கேட்டாள். அதையும் மறுக்க முடியவில்லை. “குழந்தையின் பெயர் என்ன?” என்று பாதிரியார் கேட்டார். ஏந்தியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். இவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பாதிரியார் மறுபடி கேட்டார். கடைசியில் பின்னாலிருந்து ஸ்வாவாதான் சொன்னாள். குழந்தைத் தலையில் தண்ணீர் விழுந்தது.

செப்டம்பரில் ஹ்லீன் கரையோரக் கப்பலில் தலைநகர் ரெய்க்யவிக் போனாள். ஒரு ரொட்டிக் கடையில் வேலை. சில வருடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது மாவுக் கையோடு வந்து கட்டிக்கொண்டாள்.

“ஊருக்கு வர்றதா இல்லையாடி?”

“இங்க என் பேரோட ஒரு தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க” என்றாள். “கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாக்குறோம். எனக்கு இதுவே போதும்.”