தனியாக மாட்டிய படம்

1. ஆடி மாத ஹால்

ஓவியக் கண்காட்சிகளுக்குப் படம் மாட்டுவதுதான் என் தொழில். ஆணி, நைலான் நூல், மட்டம் பார்க்க ஸ்பிரிட் லெவல், ஸ்பாட் லைட். பெயருக்கு ‘டிஸ்ப்ளே இன்சார்ஜ்’. இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் நீங்கள் ஏசி போட்ட கேலரியில், வெள்ளைச் சுவரில் ஆரம்பிக்கிறீர்கள். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் எங்களுக்கு வாய்த்தது கல்யாண மண்டபம். அதுவும் ஆடியில் மட்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி, ஆகவே கலைக்கு இடம் உண்டு. ஆவணி பிறந்தால் எங்களை ஏனென்று கேட்க நாதியில்லை.

நடத்தியது உள்ளூர்க் கலை மன்றம். செயலாளர் ஏகாம்பரம். செம்பாக்கம் பக்கம் பரம்பரை நிலக்காரர். நெல் விளைந்த இடத்தில் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். அதுதான் பேஜாரே. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

2. பெண் அறை

ஸ்டெல்லா இரும்புலியூரில் குடியிருந்த டிராயிங் டீச்சர். அந்த வருஷம் மண்டபத்தின் மணப்பெண் அறையை முழுசாகத் தனக்கு வேண்டும் என்று கேட்டாள்.

“எத்தனை படம்மா மாட்டணும்?”

“ஒண்ணுதாண்ணா.”

படத்தைக் காட்டினாள். உள்ளங்கை அகலம். வாட்டர் கலர். ரயில்வே பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

“இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய ரூம்? விளையாடுறியா?”

“வாசல்லேர்ந்து பாத்தா ஒரு சாம்பல் கறைதாண்ணா தெரியணும். கிட்ட போகப் போக அது ஒரு ஆளாகணும். அவங்க திரும்பிடுவாங்களோன்னு இருக்கணும். அந்த நடைதாண்ணா படம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்னபடி அறையைக் காலி செய்தேன். கண்ணாடி பீரோ, கட்டில், சாமி காலண்டர் எல்லாம் வெளியே போயின. எதிர்ச்சுவரின் நடுவே படம், மேலே ஒரே ஒரு ஸ்பாட். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் என்று ஃபிரேமுக்குக் கண்ணாடியும் வேண்டாம் என்றுவிட்டாள். பிறகு வாசலுக்குப் போய், படத்தை நோக்கி நடந்தேன். பாதி வழியில் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பிவிடக் கூடாதே என்று. எத்தனையோ கண்காட்சி மாட்டியிருக்கிறேன், அதற்கு முன் எந்தப் படமும் என்னை அப்படிச் செய்ததில்லை. சொன்னபோது ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு விழாவுக்குச் சிட்டியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவதாக இருந்தது. இளம் ஓவியர்களின் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு இங்கிருந்து ஒருவரை எடுப்பார். வயது வரம்புப்படி ஸ்டெல்லாவுக்கு அதுதான் கடைசி வருஷம்.

3. மரியாதை

விழா அன்று காலை அந்த ஸ்பாட் பல்பு போய்விட்டது. மாற்று பல்பு வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா அரை நாள் லீவு கேட்டு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவரும் மண்டபத்தில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது.

திரும்பி வந்தால் பெண் அறையில் டிபன் பந்தி. பெஞ்சு போட்டு, கேசரியும் பஜ்ஜியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஹாலுக்கு ஓடினேன். மேடையில் குத்துவிளக்கு, மன்றத்தின் ஸ்தாபகர் போட்டோ, அதன் பக்கத்து ஸ்டூலில் ஸ்டெல்லாவின் படம். சாமந்தி மாலை. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கண்ணாடி இல்லாத பேப்பரில், அந்தப் பெண்ணின் முதுகிலேயே வைத்திருந்தார்கள். தேர்வாளர் முன்னமே வந்துவிட்டிருந்தார். வரிசையில் நின்று, ஸ்தாபகருக்குக் கொஞ்சம் பூ, இந்தப் படத்துக்குக் கொஞ்சம் பூ போட்டுக் கும்பிட்டார்.

ஏகாம்பரத்தைத் தனியே இழுத்தேன். “இன்னா சார் இது? யார் பண்ண வேலை?”

“நான்தான். பெரிய செவுரு, தனியா ஒரு படம், மேல ஒரு லைட்டு. நம்ம வூட்ல யாருக்குப்பா அப்படி மாட்டுவோம்? அந்த டீச்சர் பொண்ணோட அம்மா போல கீது, பாவம், மூலைல கெடக்குதேன்னு மேடைக்கு எட்த்துகினு வந்தேன். ரூமு சும்மா காலியாத்தானே கெடந்துச்சி?”

தலையில் அடித்துக்கொண்டேன். தேர்வாளர் அதற்குள் மற்ற படங்களைப் பார்த்துவிட்டுக் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

“சார், ஸ்டெல்லா படத்தை நீங்க பாக்கலியே!”

“எது?”

“மேடைல, மாலை போட்டு...”

“அந்தம்மாவா? கும்பிட்டுட்டுத்தானே வரேன். எப்போ தவறினாங்க?”

விஷயத்தைச் சொன்னேன். அறையைச் சொன்னேன், நடையைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“அடடா. ஆனா நீங்க சொல்றதை வெச்சு நான் எப்படிங்க எடுக்கிறது? இப்ப அந்த ரூமும் இல்ல, படத்துலயும் சந்தனம் வெச்சாச்சு.”

கார் போய்விட்டது. ஸ்டெல்லா ஸ்கூலிலிருந்து வந்து மேடையைப் பார்த்தாள். மாலையைக் கழற்றினாள். சந்தனத்தைக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தாள். சாம்பல் நிறமும் சேர்ந்தே வந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“மரியாதை பண்ணதுல இன்னாம்மா தப்பு?” என்று ஏகாம்பரம் நிஜமாகவே கேட்டார். அவருக்கு முகமே வாடிவிட்டது. கடைசியில் அவரை நான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

4. அடுத்த ஆடி

மறு வருஷம் அவளுக்கு அதே அறையைப் பிடித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

“ரூம் வேணாம்ணா. செவுரு குடுங்க, போதும்.”

கட்டுக்கட்டாகப் படம் கொண்டுவந்தாள். கோபுரம், குடம் சுமக்கும் பெண், ஜல்லிக்கட்டு, மயில். ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லாமல் நான்தான் ஆணியடித்து மாட்டினேன். எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டிருந்தாள்.

“இப்பதாம்மா எக்சிபிசன் மாதிரி கீது!” என்றார் ஏகாம்பரம். மனசாரச் சொன்னார். ஸ்டெல்லா அவருக்கு நன்றி சொன்னாள்.

பிள்ளைகளே, படத்துக்குக் காவல் போட எல்லோருக்கும் தெரியும். சுற்றியிருக்கும் காலி இடத்துக்கு முதலில் காவல் போடுங்கள். திருட வருகிறவனுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். மாலையோடு வருகிறவனைக் கண்டால் கதவைச் சாத்துங்கள்.