உபயகாரர் இல்லாத பிள்ளை

நெடுந்தீவில் ஆச்சிமுத்துவிடம் பால் வாங்கப் போனவர்கள் பாலோடு ஒரு கேள்வியையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். "அமெரிக்காவிலை ஆர் சொன்னால் ஆர் கேப்பினம்?" விடை தெரியாதவர்களுக்கும் பால் ஊற்றுவாள், முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு ஊற்றுவாள்.

எல்லாம் ஒரே மகன் குலசிங்கத்தால் வந்தது. எண்பத்தைந்தில் குமுதினிப் படகில் கடற்படையினர் சனத்தை வெட்டிக் கொன்ற பிறகு, பாதி மாடுகளை விற்று அவனை வெளியே அனுப்பினாள். எப்படியோ அமெரிக்கா போய்ச் சேர்ந்தவன் அகதியாக ஏற்கும்படி கேட்டான். மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடும் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

இதை அவன் கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தான். அதைப் போட்டுக் கேட்க, பக்கத்து வளவுச் சந்தியோகுவின் கசற் றேடியோதான் கதி.

"போலந்துக்காரரை இருக்க விடுறாங்கள் அம்மா. அவையின்ரை அரசாங்கம் கம்யூனிஸ்ட், அமெரிக்காவுக்கு ஆகாது. எங்கடை அரசாங்கம் சிநேகிதம். சிநேகிதன் வீட்டிலையிருந்து ஒருத்தன் உயிருக்குப் பயந்து ஓடிவந்தான் எண்டு ஒத்துக்கொள்ள மனம் வராதாம்."

"வெட்டுக்காயத்துக்கும் கட்சி இருக்கோ?" என்று ஆச்சிமுத்து கசற்றிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் தயிர்ச்சட்டியோடு சந்தியோகு வீட்டுக்கு வந்து றேடியோச் செய்திக்குக் காது கொடுத்தாள். அமெரிக்க ஜனாதிபதி எங்கேயோ நடக்கும் சண்டைக்குக் காசு கேட்கிறார், அங்கத்தைப் பாராளுமன்றமான காங்கிரஸ் தரமாட்டேன் என்கிறது என்று கேட்டதும் அவளுக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை.

"அப்ப புருசன் ஜனாதிபதி எண்டாலும் காசுப் பெட்டகத் திறப்பு பெண்சாதியின்ரை இடுப்பிலையோ?" என்று தன் இடுப்புச் சாவியைத் தொட்டுக் காட்டினாள்.

"ஓம் அக்கா," என்றான் சந்தியோகு. "அந்தத் திறப்புக்காரரின்ரை வாசலிலை ஒவ்வொரு கூட்டமும் போய் நிக்கும். கியூபாக்காரர், விவசாயியள், சுடுற துவக்கு வைச்சிருக்கிறவை."

ஆச்சிமுத்து தொடையில் தட்டினாள். "அட, உபயகாரர்!"

அவர்களுடைய கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம், அன்றைய செலவு அவர்களுடையது. சாமி எல்லாருக்கும் பொதுதான். ஆனால் ஊர்வலம் வரும்போது எந்த வாசலில் அதிக நேரம் நிற்பது என்பது அன்றைய உபயகாரர் சொல்லும்படிதான். உபயம் இல்லாதவர்கள் கல்வேலி ஓரம் நின்று கும்பிட வேண்டியதுதான்.

உடனே பதில் கசற் பேசினாள். "தம்பி, உனக்கு அங்கை உபயகாரர் இல்லை. அதுதான் சங்கதி. உபயம் உள்ளவையோடை போய் ஒட்டு. வேதக்காரர் எண்டாலும் பரவாயில்லை."

"நாங்கள் எண்டாலும் பரவாயில்லையோ?" என்றான் கிறிஸ்தவனான சந்தியோகு.

"நீ என்ரை தயிர் தின்னுறவன். பேசாமலிரு."

குலசிங்கம் ஒட்டினான். எல் சல்வடோரிலிருந்து ஓடிவந்தவர்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தது ஒரு தேவாலயச் சபை. அவர்களுடைய அரசாங்கமும் அமெரிக்காவின் சிநேகிதம்தான், அதே தலையெழுத்து. சபையார் இவனையும் சேர்த்துக்கொண்டு தங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் வாசலுக்குப் போனார்கள், வழக்கறிஞர் பிடித்துக் கொடுத்தார்கள்.

எண்பத்தெட்டில் கசற் வந்தது. "என்னை இங்கை இருக்க விட்டுட்டாங்கள் அம்மா!"

ஆச்சிமுத்து கை தட்டிச் சிரித்தாள். குரல் தொடர்ந்தது. "ஆனால் ஒண்டு அம்மா. ஊருக்குத் திரும்ப ஏலாதவன் எண்டுதான் விட்டவங்கள். இனி அங்கை வந்தனெண்டால், பயமில்லாமல்தானே போனனீ எண்டு குடுத்ததைப் பறிச்சுப் போடுவாங்கள்."

அமெரிக்காவைப் பற்றி ஊரெல்லாம் கேட்டவளுக்கு மகன் திரும்பி வரலாமோ என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. இனி இந்த முற்றத்தில் அவனைக் காண முடியாது. மகன் பிழைத்தான் என்ற சந்தோஷமும் பொய்யில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சந்தியோகு, முதலிலையிருந்து போடு. விட்டுட்டாங்கள் எண்ட இடத்தோடை நிப்பாட்டு."