கம்பிக்குக் கீழே நாலு விரல்

என் பட்டறையில் வெல்டிங் மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் ஒரு மண்பானையை வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு பூசி, கரியால் கண்ணும் மூக்கும் முறுக்கு மீசையும் போட்ட பானை. வலது பக்க மீசை மட்டும் அழிந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அது திருஷ்டிக்கு வைத்தது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். "இன்னா மேஸ்திரி, கண்ணு படற அளவுக்கா தொழில் நடக்குது?" என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒரு மனுஷத் தலைக்குப் பதிலாக அந்தப் பானை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் உட்கார்ந்து தலைகீழாகக் கவிழ்ந்தது, உடையாமல் வெளியே வந்தது என்று சொன்னால் கதை நீளும். எலும்பு டாக்டரம்மாவில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது, அதுதான் சிக்கல்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. சங்கராபுரம் ரோட்டில் என் பட்டறை. ஜீப்புக்குக் கம்பி போடுவதில் எனக்கு ஒரு பேர் இருந்தது. மேல்மூடியைக் கழற்றிய ஜீப்பில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கவிழ்த்த லாடம் போல ஒரு வளைவு நிற்கும், அதுதான் கம்பி. தேர்தல் வந்தால் தலைவர்கள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கும்பிட்டபடி வருவார்கள். மற்ற நாளில், வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்புகளில் உட்கார இடமில்லாதவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகையால் எங்கள் பக்கத்தில் கம்பிக்கு அளவெடுப்பதே நிற்கிற ஆளை வைத்துத்தான். தொப்புளுக்கு நேராக வந்தால் கச்சிதம். பைப்பு மூஞ்சி தெரிகிற மாதிரி பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். மலைக்கு ஓடிய ஜீப்புகளில் பதினொன்றில் என் கம்பி இருந்தது. முதலாவது என் தங்கச்சி புருஷனுடையது. தங்கச்சிக்குச் செய்கிற சீர் மாதிரி நினைத்து, ரெண்டு நாள் பாலிஷ் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

டாக்டரம்மா அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு பார்க்கிறவர். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். பாவாடை சட்டை வயசிலேயே டிராக்டர் ஓட்டியவர் என்று சொல்வார்கள். பாண்டிச்சேரியில் யாரிடமோ ஒரு பழைய காரை வாங்கி வந்திருந்தார். ரெண்டே சீட்டு. கூரை துணி, மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் வானம்தான் கூரை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பந்தயத் தடத்தில் சில ஞாயிறுகளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் யார் வேண்டுமானாலும் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமாம். பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. சுற்றிச் சுற்றி வர வேண்டியது, வீட்டுக்குப் போக வேண்டியது. ஆனால் கூரையில்லாத காருக்குக் கம்பி இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். அடுத்து வந்த ஒரு ஞாயிறுக்கு இடம் பிடித்துவிட்டு, அதற்காக ஒரு வருஷம் லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் என் பட்டறைக்கு வந்தார்.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "யாருங்க நின்னுக்கினு வருவாங்க? ஆளு எவ்ளோ உயரம்?"

"யாரும் நிக்க மாட்டாங்க மேஸ்திரி. நான் உக்காந்துக்கினு இருப்பேன். கார்தான் தலைகீழா நிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் கவிழும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதற்கு அளவெடுக்க வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் நசுக்குவோம், கவிழ்வது என்ற வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டோம். இவரோ சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நான் செய்து வைத்திருந்த பளபளக் கம்பி ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு நீள மூங்கில் கழியை எடுத்து, ஒரு முனையை முன்கண்ணாடியின் மேல் சட்டத்திலும் மறுமுனையைக் கம்பியின் உச்சியிலும் வைக்கச் சொன்னார். "கவுந்தா தரை இந்தக் கழி இருக்கற எடத்துலதான் இருக்கும். என் தலை இதுக்குக் கீழ இருக்கணும். நாலு விரல் எடம் வுட்டு இருக்கணும்." கழியை வைக்கவே முடியவில்லை. என் கம்பி அவர் காது மட்டத்தில் நின்றது. தரை என்று அவர் சொன்ன கழி, ஹெல்மெட்டின் நடுவில் போய் முட்டியது.

உயரம் சரி, அதை ஏற்றிவிடலாம் என்றேன். அவர் அதோடு விடவில்லை. பைப்பின் வெட்டு முனையில் விரலை விட்டுத் தடவினார். தகட்டைச் சுருட்டி ஒட்டிய தையல், உள்ளே நீளவாக்கில் ஓடுவது, விரலில் தட்டியது. இது தண்ணி பைப்பு என்றார். ஆமாம், தண்ணி பைப்பு மேலே பாலிஷ் தகடு, இதில் என்ன குறை என்று எனக்குக் கோபம். மணலடைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். "காய்ச்சினா அந்த எடத்துல அதோட பலம் பூடுதே" என்றார். அடியில் நாலு போல்ட்டு போட்டுத் தகரத்தில் முடுக்குவேன் என்றேன். "தகரம் கிழிஞ்சா?" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தினி ஜீப்புக்குப் போட்ருக்கேன், ஒண்ணும் ஆவல" என்றேன்.

"ஒண்ணும் கவுறல மேஸ்திரி. அதனால ஒண்ணும் ஆவல."

திட்டுவது போல ஒரு துளியும் இல்லை அந்தக் குரலில். நாடி பார்த்துச் சொல்கிற குரல். அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னார். பழைய இரும்புக் கடையில் ஒரு ஜீப் கூடு வாங்குவோம். முதலில் உங்கள் கம்பியைப் பூட்டி உருட்டுவோம். பிறகு என் பைப்பைப் பூட்டி உருட்டுவோம். எது நிற்கிறதோ அதைப் போடுங்கள். படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் பைத்தியம் பிடிக்கும் போல என்று நினைத்தபடி ஒத்துக்கொண்டேன். என் கம்பி நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ஏரிக்கரை. சீட்டில் உட்கார வைக்க ஆள் வேண்டுமே? கரைக்குக் கீழே மக்காச்சோளக் கொல்லையில் நின்ற இரண்டு பொம்மைகளைக் கொல்லைக்காரரிடம் கேட்டு வாங்கினோம். வைக்கோல் உடம்பு, பழைய சட்டை, தலைக்குப் பானை. ஒன்றுக்கு மீசை இல்லை, ஒன்றுக்கு முறுக்கு மீசை. சட்டைக்குள் மணல் மூட்டையைத் திணித்து, டாக்டரம்மாவே அளந்து, ஆள் உட்கார்ந்தால் தலை எங்கே வருமோ அங்கே பானை வரும்படி சீட்டோடு கட்டினார். ஆடு மேய்க்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். மைக் செட் இல்லாததுதான் பாக்கி. மீசை இல்லாதவர் முதலில் ஏறினார். டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க, ஜீப் கூடு கரைச் சரிவில் ஒருக்களித்து, ஒரு புரள் புரண்டு, தலைகீழாக விழுந்தது.

சத்தம்கூட பெரிதாக இல்லை. ஒரு டப்பா நசுங்குகிற சத்தம். என் கம்பியின் கால்கள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. காய்ச்சி வளைத்த இடத்தில் மடிந்து, வளைவு மொத்தமும் முன்னால் படுத்துவிட்டது. அந்தப் பாலிஷ் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா குனிந்து உள்ளே கையை விட்டுப் பானை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார். கண் வரைந்த ஓடு, வாய் வரைந்த ஓடு. அவர் பொறுக்கிய விதத்தில்தான் எனக்கு உறைத்தது: இந்த மாதிரி உடைந்த தலைகளை அவர் நிஜத்திலேயே பார்த்திருக்கிறார். பதினொரு ஜீப்பும் ஒவ்வொன்றாக என் கண்முன் மலையேறின. திங்கள்தோறும் சந்தைக்கு என் தங்கச்சி தன் புருஷன் ஜீப்பில்தான் மலையிலிருந்து இறங்கி வருவாள், அந்தக் கம்பியில் சாய்ந்துகொண்டு. நான் கரைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது கம்பிக்கு ஒரு வாரம் ஆனது. சென்னையிலிருந்து டாக்டரம்மா தருவித்திருந்தது தையல் இல்லாத பைப்பு. கரும்பாலைப் பட்டறையில் வளைக்கிற மெஷினில் காய்ச்சாமலே வளைத்தோம். காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கனத்த தகடு, தகரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. பின்னால் சாய்த்து இரண்டு தாங்கல். தலை படுகிற இடத்தில் கெட்டி ஸ்பாஞ்சு சுற்றச் சொன்னார். தலையைக் காப்பாற்ற வைத்த கம்பியே மண்டையை உடைத்துவிடக் கூடாது என்றார். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, கறுப்பு பெயிண்டு அடித்த வெறும் வளைவு. மறு ஞாயிறு மீசைக்காரரை ஏற்றி உருட்டினோம். கூடு புரண்டு, கம்பியின் மேல் விழுந்து, அப்படியே நின்றது. தரைக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஊர்ந்து வெளியே வரும் அளவுக்கு இடம். டாக்டரம்மா அந்தச் சந்துக்குள் மண்ணில் படுத்து ஊர்ந்து போய், பானையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் அந்தக் கறுப்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். கோயிலில் தொடுகிற மாதிரிதான் தொட்டேன், சொல்ல வெட்கமில்லை.

ஒரு கீறல்தானே, இதையே கழற்றி உங்கள் காருக்குப் போட்டுவிடலாம் என்றேன். "ஒரு தடவ அடி வாங்கினது அதோட வேலைய முடிச்சிடுச்சி. அத நம்பக் கூடாது" என்றார். மிச்சம் ஒரு பைப்பு இருந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் வர மாதக்கணக்கில் ஆகும். அவர் இடம் பிடித்திருந்த ஞாயிறுக்கு ஏழு நாள்தான் பாக்கி. பட்டறைக்குத் திரும்பி நான் அந்தப் பைப்பில் சாக்பீஸால் அவர் காருக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. தங்கச்சி மாப்பிள்ளையின் ஜீப்பைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியில் யார் யாருக்குச் சொந்தம் என்று டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்? பைப்பை ஒருமுறை பார்த்தார், வெளியே நின்ற தன் காரை ஒருமுறை பார்த்தார். அந்தக் காரைப் பார்க்கிறபோது அவர் முகத்தில் இருந்த ஆசை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"உங்க மாப்ள ஜீப்புக்கு இதுல ரெண்டு வளைவு வரும்ல?" என்றார். "அதுக்குப் போடுங்க. நான் சுத்தி சுத்தி வர்றது எங்கியும் ஓடிடாது."

துணிக்கூரையை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன். மாப்பிள்ளையோ, "இன்னா மச்சான், பளபளன்னு இருந்தத எடுத்துட்டு அடுப்புக் கரி மாதிரி போடற? பிடிச்சிக்கக்கூட எட்டலயே" என்று ஒரே முணுமுணுப்பு. தங்கச்சிதான் நான் எடுத்துவந்திருந்த உடைந்த ஓடுகளைப் பார்த்துவிட்டு, "வாய மூடிக்கினு சாவியக் குடு" என்று புருஷனிடம் வாங்கித் தந்தாள். மற்ற ஜீப்புக்காரர்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். அடுத்த வருஷத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள். மூன்று பேர் கடைசிவரை வரவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை பகல், சந்தைக்கு இறங்கிய மாப்பிள்ளையின் ஜீப் மலை வளைவில் மண் சரிந்து புரண்டது. தங்கச்சி உட்படப் பதினாலு பேர். சேதி வந்தபோது நான் பட்டறையில் கிரைண்டரைக் கையில் வைத்திருந்தேன். அதை அணைத்ததுகூட ஞாபகமில்லை. மழையில் வண்டி கிடைக்காமல் ரோட்டில் நின்றுகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. டாக்டரம்மா. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"மேஸ்திரி, நெதானமா வாங்க. பதினாலு பேரையும் நானே பாத்துட்டேன். ஒருத்தருக்குத் தோள்பட்ட, உங்க மாப்ளைக்குக் கை, ரெண்டு பேருக்குக் காலு. எல்லாம் நான் கட்டிக்கறேன். பானை ஒண்ணுகூட உடையல."

அந்த ஜீப்பை மறுநாள் போய்ப் பார்த்தேன். இரண்டு கறுப்பு வளைவின் மேல் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது, அவர் முதல் நாள் சொன்ன மாதிரியே.

அவர் காருக்கு அடுத்த வருஷம் கம்பி போட்டேன். பந்தயத் தடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் காரின் வேகத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவர் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் நான் பார்த்தது ஹெல்மெட்டுக்கும் கம்பியின் உச்சிக்கும் நடுவில் இருந்த இடத்தை மட்டும்தான். அந்தக் கம்பி ஒரு நாளும் தரையைத் தொடவில்லை. பிறகு மாற்றலாகிப் போனார், ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போதும் பையன்கள் பளபளவென்று கம்பி வேண்டும் என்று வருகிறார்கள். நான் பலகையிலிருந்து பானையை இறக்கி சீட்டில் வைத்து, கழியை நீட்டி, நாலு விரலை விட்டுப் பார்க்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். போன மாதம் ஒருவன், மீசையை நான் சரியாக வரைந்து தரட்டுமா என்று கரித்துண்டோடு வந்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கவிழ்ந்த ஜீப்புக்குள்ளிருந்து டாக்டரம்மா அதைத் தூக்கி வந்தபோது அவருடைய வலது கை இருந்த இடம் அது.